லைட் ஸ்டிக் பிடிச்ச கைகளைப் படம் எடுக்கப் போற தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

சியோல்ல கே-பாப் ஃபேன்ஸைத்தான் ப்ராஜெக்ட்டுக்குப் படம் எடுக்கப் போறேன்னு நீ வாய்ஸ் நோட் அனுப்புனதுல இருந்து எனக்கு இதே நினைப்புதான். கேமராவைத் தூக்கிட்டு இந்த மாதிரி கூட்டத்துக்குள்ள போற மத்தவங்களும் படிக்கட்டுமேன்னு வெளிப்படையாவே எழுதுறேன்.

கத்தி அழுகுற பொண்ணுங்களோட க்ளோசப் மட்டும் வேண்டாம்டா. அந்தப் படம் ஏற்கெனவே எக்கச்சக்கமா இருக்கு, அதுல அவ வெறி பிடிச்சவளா மட்டும்தான் தெரிவா, ராத்திரி முழுக்க உக்காந்து பேனர் டிசைன் பண்ணது, காசு வசூல் பண்ணி கணக்கு எழுதி வெச்சது, புதுசா வந்த பொண்ணைக் கூட்டத்துல தொலையாம பாத்துக்கிட்டது எதுவுமே தெரியாது. அந்த வேலையைத்தான் நீ எடுக்கணும்.

2024 டிசம்பர்ல நடந்ததை நினைச்சுப் பாரு. 3ஆம் தேதி ராத்திரி அப்ப தென் கொரிய அதிபரா இருந்த யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவிச்சாரு, சில மணி நேரத்துலயே பார்லிமென்ட் அதுக்கு எதிரா ஓட்டு போட்டுடுச்சு, ஆனா ஆளைப் பதவியில இருந்து இறக்கணும்னு பார்லிமென்ட் இருக்குற யோயிதோவுல ஜனம் திரண்டப்ப, 2016 போராட்டத்துல மெழுகுவத்தி இருந்த கைகள்ல இப்ப லைட் ஸ்டிக், கச்சேரியில ஃபேன்ஸ் பிடிச்சு ஆட்டுற விளக்கு. ஒவ்வொரு இசைக்குழுவுக்கும் ஒவ்வொரு வடிவம். என்சிடி ஃபேன்ஸோட பச்சைப் பெட்டி, மாமாமூ ஃபேன்ஸோட முள்ளங்கி, ஆர்மின்னு சொல்ற பிடிஎஸ் ஃபேன்ஸோட உருண்டை. காத்துல அணையாது, வீட்லயே இருக்கு, எடுத்துட்டு வந்துட்டாங்க. 20, 30 வயசுப் பொண்ணுங்கதான் முன்னாடி நின்னாங்க, நடுவுல வானவில் கொடிங்க. வர முடியாதவங்க பக்கத்துக் கடைல காபிக்கும் கிம்பாப்புக்கும் முன்கூட்டியே காசு கட்டி வெச்சாங்க, ஐடலோட, அதாவது அவங்க கொண்டாடுற கே-பாப் ஸ்டாரோட, பிறந்தநாளுக்குக் காபி வண்டி அனுப்பிப் பழகுன கை அது. 14ஆம் தேதி 300 பேர் இருக்குற சபையில யூனைப் பதவி நீக்கணும்னு 204 ஓட்டு விழுந்துச்சு.

எனக்கு அதைவிட முக்கியம் சியோலோட தெற்கு எல்லையில இருக்குற நாம்தேரியோங்ல நடந்தது. டிசம்பர் 21, வருஷத்துலயே நீளமான ராத்திரி. ட்ராக்டர்ல சியோலுக்கு வந்த விவசாயிகளை ஊர் எல்லையிலயே போலீஸ் மறிச்சுடுச்சு, விஷயம் தெரிஞ்சதும் இந்தப் பிள்ளைங்க லைட் ஸ்டிக்கோட போய் அந்தக் குளிர்ல விடிய விடிய கூட உக்காந்துடுச்சுங்க. மைக் பிடிச்சு ஒவ்வொருத்தரா நான் லெஸ்பியன், நான் ட்ரான்ஸ்னு சொல்லிட்டுப் பேச, வயசான விவசாயிங்க கை தட்டுனாங்க. அடுத்த நாள் போலீஸ் வழி விட்டுச்சு. ஃபேன் கூட்டம்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்.

மைக்ல சொன்னவங்க எல்லாரும் வீட்லயும் சொல்லியிருப்பாங்கன்னு மட்டும் நினைச்சுடாத. பாகுபாடு தடுப்புச் சட்டம் 2007ல இருந்து திரும்பத் திரும்பக் கொண்டு வந்தும் அங்க நிறைவேறவே இல்ல. உன் ஒரு படம் ஆஃபீஸ்ல யார் கண்ணுலயாவது பட்டா ஒரு பொண்ணோட வேலை போகலாம். அதனால முகம் வேணும்னா கேளு, அந்த நேரத்து சந்தோஷத்துல தலையாட்டுனதை சம்மதம்னு எடுத்துக்காத, ரெண்டு நாள் கழிச்சுப் படத்தைக் காட்டி மறுபடி கேளு. வேண்டாம்னா அழிச்சுடு, எவ்வளவு நல்ல ஃப்ரேமா இருந்தாலும் சரி.

முகம் இல்லாமலே நிறைய இருக்கு. கையுறையில விரல் நுனியை வெட்டி விட்டிருப்பாங்க பாரு, பட்டனை அமுக்குறதுக்கு. ஸ்டிக்கோட கைப்பிடியில ஒட்டுன ஸ்டிக்கர் ஓரம் தேஞ்சு போயிருக்கும். அதுக்குக் கிட்டப் போ. எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், எல்இடி வெளிச்சத்துல படம் பூரா கோடு கோடா விழும், மெக்கானிக்கல்ல வெச்சு ஸ்பீடைக் குறை. வொயிட் பேலன்ஸை ஆட்டோல விட்டா ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கலர் மாறும், அதையும் நீயே செட் பண்ணு.

அப்புறம், அங்க ஹோம்மான்னு சொல்ற, ஐடலைப் படம் எடுத்துப் போடுற ஃபேன்ஸை கண்டிப்பா தேடிப் பாரு. பெரும்பாலும் பொண்ணுங்கதான், பெரிய டெலி லென்ஸும் குட்டி ஏணியுமா ஏர்போர்ட்ல ஐடலுக்காகக் காத்திருப்பாங்க. கம்மி வெளிச்சத்துல எடுக்குறதைப் பத்தி உன் காலேஜ்ல சொல்லிக் குடுக்கறதைவிட அவங்களுக்கு அதிகம் தெரியும். அவங்க எடுத்ததையும் உன் கண்காட்சியில வைக்கலாமான்னு கேளு, பேரு எப்படிப் போடணும்னு அவங்களே சொல்லட்டும். முதல் செட் ப்ரிண்ட் அவங்களுக்குப் போகட்டும், எனக்கு அப்புறமா அனுப்பு.

அன்புடன்,
அக்கா