கோடை விடுமுறையும் நம் மரக்கன்றுகளும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் அறிவியல் டீச்சர் இந்த மே மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறார். உங்களில் பலருக்கும் அவர்தான் பாடம் எடுத்தார் என்பதால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிவு விழாவுக்கு மோதிரம் போடலாமா, பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் வைக்கலாமா என்று கேட்டு வருகிறீர்கள். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது வேறு ஒன்று. அதற்கு முன்னால், அண்மையில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோருக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நம் வேலூர் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பரவிய காலம். பகலில் பள்ளி, இரவில் பீடி சுற்றும் பெண்களுக்கு எழுத்து வகுப்பு. மடியில் முறத்தோடு உட்கார்ந்தபடியே அவர்கள் படித்தார்கள். இத்தனை ஆயிரம் பீடி, இத்தனை ரூபாய் கூலி என்று தங்கள் கணக்கு நோட்டில் ஏஜென்ட் எழுதுவதைத் தாங்களே வாசித்துச் சரிபார்க்க வேண்டும், அதுதான் டீச்சரின் முதல் பாடம். அந்த அம்மாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடம் ஆறாவது படிக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வெளியூர் நோயாளி யாருக்காவது ரத்தம் வேண்டும் என்று போன் வந்தால், மறுகேள்வி கேட்காமல் கிளம்பிப் போனவரும் அவர்தான்.

ஆனால் எனக்கு அவர் செய்ததில் பெரியது தண்ணீர்ப் பாடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டுக் கிணறு, போர், தெருக்குழாய் எதுவானாலும் ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து அளந்து, தெருவாரியாக நோட்டில் எழுதுவார்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு தெருவில் எல்லாப் பாட்டிலும் 2000-ஐத் தாண்டியது. அந்த நோட்டைப் பிள்ளைகளின் பெற்றோரே கிராம சபையில் வைத்துப் பேசினார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தத் தெருவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

மீட்டர் எதைச் சொல்லாது என்பதையும் அவர் மறக்காமல் சொல்லிக்கொடுப்பார். உப்பு எவ்வளவு என்று அது காட்டும், தோல் பதனிடும் உப்பிலிருந்து வரும் குரோமியம் என்ற உலோகம் இருக்கிறதா என்று காட்டாது. குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், அதற்கு ஆய்வகம் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்று மணலுக்குள் இறங்கியது, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை அதில் நிலைபெற்றது, எல்லாம் அவர் வகுப்பில் வரும். அதே வகுப்பில் தோல் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தலைகுனியும்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தையும், குரோம் உப்பு வந்ததும் வேலை எவ்வளவு வேகமானது என்பதையும் விளக்கி, கழிவை எப்படிச் சுத்திகரிப்பது என்ற கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுவார். அறிவியலை இப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பத்தாவது படிக்கும் பிள்ளையைச் சனிக்கிழமை மரம் நட ஏரிக்கரைக்கு அனுப்பினால் மார்க் என்னாவது என்று சில அப்பாக்கள் என்னிடம் வந்து கேட்டதுண்டு. நியாயமான கவலைதான், பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கேட்கிறீர்கள். என் பதில் இது: வேர் மண்ணைப் பிடிப்பதையும் நீர் கீழே இறங்குவதையும் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

சரி, இப்போது டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். ஏரிக்குள் சீமைக் கருவேலத்தை வெட்டி எடுத்த பிறகு, புரட்டாசியில் கரை நெடுக நம் பிள்ளைகள் பனங்கொட்டை புதைத்தார்கள். அவற்றைப் பற்றிக் கவலை இல்லை, பனை தானே வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும். கவலையெல்லாம் பள்ளிச் சுவரை ஒட்டியும், ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரத்திலும் நட்ட புங்கன், நாவல், இலுப்பை, நீர்மருதுக் கன்றுகள்தான். நம் ஊரில் கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மே மாதம் பள்ளி மூடியிருக்கும். ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் இளங்கன்று கருகிவிடும். இத்தனை கோடையும் டீச்சரே சாயங்காலம் வந்து ஊற்றினார். இனி அவர் மகள் வீட்டுக்குப் போகிறார். தன் கன்றுகளைத் தெருவுக்கு ஒரு வரிசையாகப் பெற்றோர் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கேட்டது.

பிரிவு விழா கடைசி வேலைநாளன்று காலை பத்து மணிக்கு, வேப்பமரத்தடியில். அன்றே எந்தத் தெருவுக்கு எந்த வரிசை என்று முடிவு செய்துவிடுவோம். வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் ஊற்றினால் போதும், கன்றுக்கு ஒரு குடம். ஈரம் காயாமல் கன்றைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்குப் போட வீட்டில் காய்ந்த இலைதழை, வைக்கோல் இருந்தால் கொண்டுவாருங்கள். மோட்டார் ரூம் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். பிள்ளைகள் ஆசையாகக் கிளம்புவார்கள், ஆனால் எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர் துணையில்லாமல் அனுப்பாதீர்கள். வரத்துக்கால் பக்கத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி
வேலூர் மாவட்டம்