ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு யாவரும் நலம். நீ அனுப்பிய கைப்பிரதி சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அன்றிரவே மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். மீதியை மறுநாள் காலையில், சமையலைத் தள்ளிப்போட்டுவிட்டுப் படித்து முடித்தேன். 12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழில் ஓர் அறிவியல் புனைகதை எழுதப் போகிறேன் என்று நீ சொன்னபோது, அலுவலக வேலைக்கு நடுவே இது நடக்குமா என்று நான் ஐயப்பட்டேன். நடத்திக் காட்டிவிட்டாய். அதுவும் நம் மன்னார் வளைகுடாவையே களமாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டாம் அத்தியாயத்தில், காலை வற்றத்தில் கடல்நீர் இறங்கிப் பாறை வெளியே தெரியும்போது உன் கதாநாயகி முத்தரசி விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்கும் இடத்தைப் படித்தபோது, உன்னைச் சிறுமியாக அந்தக் கரைக்குக் கூட்டிச் சென்ற நாள்கள் நினைவுக்கு வந்து சற்று நேரம் தாளை மூடி வைத்துவிட்டேன். அந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லையும் மாற்றாதே.

உன் கதை பிள்ளைகளுக்குப் பொறுப்புணர்வைக் கற்றுத்தர வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த நோக்கத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் வேறு என்ன சொல்வேன்! ஆனால் அந்த நோக்கத்துக்கு உன் ஏழாம் அத்தியாயமே குறுக்கே நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதால்தான் இவ்வளவு நீண்ட கடிதம் எழுதுகிறேன்.

அந்த அத்தியாயத்தில் ஓய்வுபெற்ற விஞ்ஞானியான தாத்தா கடற்கரையில் அமர்ந்து, அறிவியலை மனிதன் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நான்கு பக்கங்களுக்குப் பேசுகிறார். அவர் சொல்வதில் ஒன்றும் தவறில்லை. ஆனால் அவர் பேசத் தொடங்கியதும் முத்தரசி கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறாள். "அப்படியா தாத்தா?", "இனி நான் அப்படிச் செய்ய மாட்டேன் தாத்தா" என்ற இரண்டு வாக்கியங்களைத் தவிர அவளுக்கு அங்கே வேலையே இல்லை. 13 வயதுப் பிள்ளை அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த சம்பவம் எங்கே என்றுதான் தேடும். வகுப்பில் நான் அறிவுரை சொன்னபோதெல்லாம் பிள்ளைகளின் கண்கள் சன்னலுக்குப் போனதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஆய்வகத்தில் என் கைதவறி ஒரு பெரிய வெப்பமானி உடைந்தது. பாதரசம் சிமெண்டுத் தரையில் குண்டு குண்டாகச் சிதறியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு குனிந்து, அதை உள்ளங்கையில் உருட்டி, இரண்டு குண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி உடைத்து விளையாடினார்கள். அவர்களை உடனே விலக்காமல் நானும் சில நொடிகள் அதன் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை. பிறகு பதறிப்போய்ப் பெருக்கி அள்ளிவிட்டு, கால் மணி நேரம் கண்டித்துப் பேசினேன். நான் பேசிக்கொண்டிருந்தபோதே சில பிள்ளைகளின் சட்டைப் பையில், பேனா மூடிக்குள், பாதரசம் இருந்தது என்பது அன்று மாலைதான் எனக்குத் தெரிய வந்தது.

மறுநாள் நான் யாரையும் கண்டிக்கவில்லை. ஒரு துளிப் பாதரசம் பேனா மூடியிலிருந்து சாக்கடைக்கும், அங்கிருந்து கண்மாய்க்கும் போவதைக் கதையாகச் சொன்னேன். கண்மாயின் அடிச்சேற்றில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை வேறொரு கொடிய சேர்மமாக மாற்றுகின்றன. அதைச் சிறு புழு உண்கிறது, புழுவைக் குறவை மீன் உண்கிறது, மீன் ஒரு வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு வருகிறது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவு வழியாகக் கடலில் கலந்த பாதரசச் சேர்மம் இப்படித்தான் மீனுக்குள் ஏறி மனிதர்களை முடக்கியது என்பதையும், 1956-இல்தான் அந்த நோய் முதன்முதலாகப் பதிவானது என்பதையும் கடைசியில் சொன்னேன். மாலையில் மூன்று பிள்ளைகள் ஆசிரியர் அறைக்கு வந்து பேனா மூடிகளை மேசை மேல் வைத்தார்கள். நான்காவதாக ஒன்று இருந்தது என்று அந்த மூவரும் சொன்னார்கள். அது யாரிடம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கதையில் நான் "செய்யாதே" என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. துளி எங்கே போகிறது என்பதை மட்டுமே காட்டினேன். அறிவியல் புனைகதையால் இதைச் செய்ய முடியும்: இன்று கையில் இருப்பது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே போய் நிற்கும் என்பதை, ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதுபோல் பார்க்கவைக்க முடியும். நீதிக்கதைக்கு முடிவு முன்பே தெரியும். அறிவியல் புனைகதை அந்த முடிவைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்கிறது.

ஐசக் அசிமோவ் ரோபோக்களுக்கு வகுத்த மூன்று விதிகளை நீ கல்லூரி நாள்களிலேயே மனப்பாடமாகச் சொல்வாய். அவை முழு வடிவில் முதலில் வந்த 1942-ஆம் ஆண்டுச் சிறுகதையை இன்னொரு முறை எடுத்துப் படி. புதன் கோளில் செலீனியம் கொண்டுவர அனுப்பப்பட்ட ரோபோ, ஆபத்தான செலீனியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற விதி அதை முன்னே தள்ளுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி பின்னே இழுக்கிறது. கட்டளையிட்டவன் அவசரத்தைச் சொல்லாமல் ஏனோதானோ என்று சொன்னதுதான் இவ்வளவுக்கும் காரணம். விதிகள் மூன்றும் நல்ல விதிகளே. நல்லவை இரண்டு ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது. அசட்டையாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்து ஈடுகட்டுகிற இடத்தில்தான் பொறுப்பு என்றால் என்னவென்று படிப்பவனுக்கு உறைக்கிறது.

உன் முத்தரசிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அவள் முதலிலிருந்து கடைசிவரை குற்றமற்றவளாகவே இருக்கிறாள். மாற்றியமைக்கப்பட்ட பாசியைப் பாறைமேல் பரவவிட்டது நிறுவனம், அது பரவுவதைக் கண்டறிந்தது தாத்தா, சரிசெய்தது ஆய்வகம். அவள் வேடிக்கை பார்க்கிறாள். அவளிடம் ஒரு தவற்றைக் கொடு. அதற்கான வழி உன் களத்திலேயே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் கடல்களுக்குரிய கப்பாஃபைகஸ் பாசியை நம் கடற்கரையில் மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி வளர்க்கிறார்கள் அல்லவா? 45 நாள்களில் அறுவடை, மீனவப் பெண்களுக்குக் கையில் காசு. அதே பாசி குருசடைத் தீவுப் பகுதியில் பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். அது பரவுவதற்கு விதை வேண்டாம். ஒடிந்த துண்டு ஒன்று போதும். ஆகவே மாலையில் வீடு திரும்பும் அவசரத்தில் முத்தரசி மிதவைக் கயிற்றை உதறி அலசட்டும். கைப்பிடி அளவுத் துண்டுகள் நீரோட்டத்தில் பாறைப் பக்கமாக மிதந்து போவதை அவள் பார்க்கட்டும். அம்மா கூப்பிடுகிறாள் என்று அவள் திரும்பிவிடட்டும். அந்த ஒரு கணத்துக்கு அரைப் பக்கம் கொடு; தாத்தாவின் நான்கு பக்கங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

பிறகு அவளையே கணக்குப் போடவை. 100 கிராம் துண்டு 20 நாள்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று நீ உன் கதைக்கு வைத்துக்கொண்டால், 200 நாள்களில் 10 முறை இரட்டித்து 102 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். நான் வகுப்பில் இதைப் புளியங்கொட்டைகளை வைத்துக் காட்டுவேன்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று தரையில் அடுக்கிக்கொண்டே போவோம். ஐந்தாவது ஆறாவது வரிசை வரை பிள்ளைகள் சிரிப்பார்கள். எட்டாவது வரிசைக்கு 128 கொட்டைகளை எண்ணும்போது டப்பா காலியாகிவிடும். அப்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை உன் கதையில் கொண்டுவா. ஒரு சிறுமி இரவில் சிம்னி விளக்கடியில் (உன் கதை நடக்கும் 2061-இல் சிம்னி விளக்கு இருக்காது, நீ வேறொன்றை வைத்துக்கொள்) நோட்டின் கடைசித் தாளில் பெருக்கிக்கொண்டே போய்ப் பென்சிலைக் கீழே வைக்கும் காட்சி, எந்தப் பேருரையும் தராத கனத்தைத் தரும்.

அடுத்து, உன் கதையில் வரும் நிறுவனத் தலைவர். அவரை இவ்வளவு கொடியவராக எழுதாதே. கெட்டவன் ஒருவனைப் பிடித்துச் சிறையில் அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று படிக்கும் பிள்ளை, தான் கெட்டவன் இல்லை என்பதால் தனக்கு இதில் பொறுப்பில்லை என்றும் படித்துக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டிகளின் வரலாற்றை எண்ணிப்பார். தொடக்கக் காலப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன; கசிந்தால் ஆபத்து. அதற்கு மாற்றாகத்தான் குளோரோஃபுளோரோகார்பன்கள் வந்தன. தீப்பற்றாது, நச்சில்லை என்று காட்டுவதற்காக 1930-இல், அவற்றை உருவாக்கிய தாமஸ் மிட்ஜ்லி அந்த வாயுவை உள்ளிழுத்து ஊதி ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். உயிர்களைக் காக்கச் செய்த பொருள் அது. அதிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள்; அண்டார்க்டிக்காவின் மேலுள்ள ஓசோன் துளை 1985-இல் உலகுக்குத் தெரிந்தது; 1987-இல் மாண்ட்ரியலில் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கையெழுத்தானது. இதில் வில்லன் யார்? நல்லெண்ணத்தோடு செய்தவர்களும், அதை நம்பி வாங்கிப் பயன்படுத்திய கோடிக்கணக்கான வீடுகளும்தானே? உன் நிறுவனத் தலைவரும், வெப்பமேறிய கடலில் மீன் குறைந்துபோன ஊருக்கு ஒரு பிழைப்பைக் கொடுக்க உண்மையிலேயே விரும்பியவராக இருக்கட்டும். அப்போதுதான் முத்தரசியின் அம்மா அந்தப் பாசியை விட்டுவிட மறுப்பதிலும் நியாயம் இருக்கும். மகளுக்கும் தாய்க்கும் இடையே நிகழ வேண்டிய அந்த வாக்குவாதம் உன் கைப்பிரதியில் இல்லை. அதை நீ எழுதுவாய் என்று மிகவும் எதிர்பார்க்கிறேன்.

இறுதி அத்தியாயத்தில் ஒரே இரவில் பாசி முழுவதையும் கரைத்துவிடும் நுண்ணுயிரை எடுத்துவிடு. அறிவியலாகவும் அது பொருந்தாது, பிள்ளைகளுக்கு அது நேர்மையானதும் இல்லை. மாண்ட்ரியல் உடன்படிக்கை உலகமே ஒன்றுகூடிச் செய்த அரிய செயல். அப்படியிருந்தும் அண்டார்க்டிக்காவின் மேல் ஓசோன் 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில்தான் முடியும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அழித்ததைத் திருத்த ஒரு வாழ்நாள் ஆகும் என்பதைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதே, அவர்கள் தாங்குவார்கள். முத்தரசி தோழிகளோடு வற்றம் பார்த்துப் போய், பவளத்தை உடைக்காமல் பாசியைக் கையால் உரித்தெடுக்கட்டும். அடுத்த மாதமும் போகட்டும். கதை முடியும்போது பாறையில் பாய் விரிக்கும் அளவு இடம் மட்டுமே பாசி நீங்கித் தெரியட்டும். இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள், பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே கடலுக்குப் போவது என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்தப் பெண்களை ஒருங்கிணைத்த சின்னப்பாலத்துப் பெண்மணிக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. அன்றாடம் போனால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டு அது.

பாசியை உருவாக்கிய இளம் விஞ்ஞானி ஐந்தாம் அத்தியாயத்தோடு வெளிநாடு போய்விடுகிறார்; அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அவரைத் திரும்ப அழைத்து வா. மேரி ஷெல்லி தன் 18-ஆம் வயதில் எழுதத் தொடங்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் விஞ்ஞானி விக்டர் செய்த பெரிய பிழை, உயிரொன்றைப் படைத்தது என்பதைவிட, அது கண் விழித்ததும் விட்டு ஓடியதுதான் என்று நான் எப்போதும் எண்ணுவேன். உன் விஞ்ஞானி ஓடிப்போனவராகவே இருந்தாலும், கடைசியில் கரைக்கு வந்து முத்தரசியின் முகத்தைப் பார்க்க வேண்டும். மன்னிப்பு கேட்கும் வசனம்கூட வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினால் போதும்.

சிறு பிழைகள் இரண்டு. நான்காம் அத்தியாயத்தில் அமாவாசை இரவில் நிலவொளி விழுகிறது. ஆறாம் அத்தியாயத்தில் ஓதம் ஆளுயரம் ஏறுகிறது. நம் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டித்தான் ஏறி இறங்கும். இவை கதைக்குப் பெரிய குறையில்லை என்று நீ நினைக்கலாம். எனக்கு இவை பெரியவையாகவே படுகின்றன. உண்மையைப் பொறுப்போடு கையாளச் சொல்லும் புத்தகத்தில், நிலவு வராத இரவில் நிலவு வந்தால், அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை மற்றவற்றையும் நம்பாமல் போய்விடும். கண்டுபிடிக்கிற பிள்ளைகள்தான் இந்தக் கதையை மிகவும் விரும்பிப் படிக்கப் போகிறவர்கள்.

பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள்கள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொண்டு வா. பாசிக்குப் போகும் நாள்களை இங்கே விசாரித்து வைக்கிறேன். விடியலில் இருவரும் பாம்பன் கரைக்குப் போய், அந்தப் பெண்கள் கயிற்றை எப்படி அலசுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வருவோம். திருத்திய ஏழாம் அத்தியாயத்தை அஞ்சலிலேயே அனுப்பு, கைப்பேசியில் படித்தால் கண் வலிக்கிறது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டு, ஓரத்தில் நான் குறிப்பெழுத இடம் விடு.

அன்புடன்,
அம்மா