எங்கள் நெரிசலை வளர்ச்சி என்று எழுதுகிறவர்களுக்கு

மாதாமாதம் பொருளாதார நிலவர அறிக்கை தயாரிக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். ஜிஎஸ்டி வசூல், மின் நுகர்வு, வாகன விற்பனை வரிசையில் ரயில் பயணிகள் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குகிறீர்கள். கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. போன வாரம் அப்படி ஒரு பச்சைக் கட்டத்தைச் செல்போனில் பார்த்தேன், பயணிகள் கூடியிருக்கிறார்கள், மக்கள் கையில் காசு புழங்குகிறது என்கிற தொனியில் கீழே இரண்டு வரி. அதைப் படித்தது ஜெனரல் பெட்டியில், ஒற்றைக் காலில் நின்றபடி.

நான் படுக்கை வசதிக்குத்தான் பதிவு செய்திருந்தேன். வெயிட்டிங் லிஸ்ட் 38. சார்ட் போட்டதும் டிக்கெட் தானாகக் கேன்சல் ஆகி, பிடித்தம் போக மீதி வந்தது. படுக்கை கேட்டுக் கிடைக்காதவனாக உங்கள் கட்டத்தில் எனக்கு இடமில்லை, ஆனால் ஜெனரல் டிக்கெட் எடுத்த நிமிடமே வளர்ச்சியில் ஒரு தலையாகச் சேர்ந்துவிட்டேன்.

கழிப்பறைக் கதவோரம் ஒரு தம்பி, பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். யாராவது உள்ளே போகவேண்டுமென்றால் அவர் எழுந்து, வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வயிற்றை எக்கி வழிவிட்டு, அப்புறம் வாளியை வைத்து உட்காரவேண்டும். சேலம் வருவதற்குள் எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "பெங்களூருண்ணே, சென்ட்ரிங் வேலை. ஊர்ல வாரத்துல நாலு நாள் வேலை இருந்தா நான் ஏன்ணே இதுல ஏறுறேன்?"

இவரும் உங்கள் பச்சைக் கட்டத்தில் ஒருவர். ஊரில் வேலை இல்லாமல் ஏறியவரும், கையில் காசு சேர்ந்து குடும்பத்தோடு சுற்றுலா கிளம்பியவரும் உங்களுக்கு ஒன்றுதானா? ஏறியவர்களை எண்ணுகிறீர்கள், சரி. ஏறமுடியாதவர்களையும், எந்தப் பெட்டியில் ஏறினார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை. 2012-13இல் ரயிலில் போனவர்கள் சுமார் 842 கோடி, 2018-19இல் 844 கோடி. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் நாட்டின் உற்பத்தி வளர்ந்துகொண்டேதான் இருந்தது, பயணிகள் எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நின்றது. 2023-24இல் அது சுமார் 690 கோடி. ஆனால் பயணிகள் கட்டண வருமானமோ 2018-19இல் இருந்த சுமார் 51,000 கோடி ரூபாயிலிருந்து 70,000 கோடிக்கு ஏறியிருக்கிறது. ஆள் குறைந்து பணம் கூடுகிறது என்றால் உள்ளே என்னவோ இடம் மாறியிருக்கிறது, அதைத் தோண்டவேண்டியவர்கள் நீங்கள்தானே? போதாததற்கு மொத்தத் தலைகளில் பாதிக்கும் மேல் மும்பை, சென்னை மாதிரி நகரங்களின் புறநகர் ரயிலில் போகிறவர்கள். அதிலும் சீசன் டிக்கெட்காரர் மாதத்தில் எத்தனை முறை ஏறினார் என்று யாரும் எண்ணுவதில்லை, ஒரு மதிப்பீட்டை வைத்துப் பெருக்கிக்கொள்வதுதான்.

2020-21இல் 125 கோடி, அடுத்த ஆண்டு சுமார் 352 கோடி. உங்கள் கட்டத்துக்கு அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு பாய்ச்சல், பச்சையிலேயே அடர்பச்சை! அந்த 2020 மே 8ஆம் தேதி, கொரோனா ஊரடங்கில் வழக்கமான ரயில்கள் ஓடாதபோது ஊர் திரும்பத் தண்டவாளத்தோடு நடந்துபோய், அசந்து அங்கேயே தூங்கிய 16 தொழிலாளர்கள் மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் அருகே சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். அவர்கள் டிக்கெட் எடுக்கவில்லை, அதனால் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

சரி, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது, மன்னிக்கவும். தயவுசெய்து அடுத்த அறிக்கையிலாவது புறநகர், ஜெனரல், படுக்கை, ஏசி என்று எண்ணிக்கையைப் பிரித்துப் போடுங்கள். சார்ட் போட்டபின் கேன்சல் ஆன வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் எத்தனை என்று பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். ஏறமுடியாதவர்களையும் எண்ணிவிட்டு, அப்புறம் பச்சையோ சிவப்போ உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
வெயிட்டிங் லிஸ்ட் 38