ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய தாள்

அன்புள்ள மாலதி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ரகு வழக்கம்போல. மற்றதெல்லாம் பிறகு. இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை மருந்தக ஃப்ரிட்ஜைத் திறந்தால், பின்சுவரை ஒட்டியிருந்த இன்சுலின் பெட்டிகளில் பனி. குப்பிகள் உறைந்து கிடந்தன. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கதவில் தொங்கும் வெப்பநிலைத் தாளைப் பார்த்தேன். காலை 4, மாலை 4, காலை 4, மாலை 4. இன்னும் வராத ஞாயிற்றுக்கிழமைக்கும் 4 எழுதியிருந்தது, மாலதி!

"உருகினால் சரியாகிவிடும்தானே அக்கா?" என்று புதுப்பையன் கேட்டான். ஆகாது. பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, அந்த வாரம் இன்சுலின் வாங்கிய 11 பேரையும் பில்லைப் பார்த்துப் பார்த்து அழைத்தேன். ஒரு பெரியவர், "மூணு நாளா சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கும்மா, நான்தான் வாயைக் கட்டலைன்னு நினைச்சேன்" என்றார். அன்று சாயங்காலமே புதுக் குப்பியை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மருத்துவரிடமும் பேச வைத்தேன். அந்தக் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

தாடி சார் கரும்பலகையில் எழுதிப்போட்டது ஞாபகம் இருக்கிறதா? திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். 1916இல் ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் வகுத்த, நிர்வாகத்தின் ஐந்து வேலைகளின் பட்டியல். நீ அதற்கு மெட்டுப் போட்டு, கடைசி வரியில் மாட்டிக்கொண்டாயே! அன்று சுரங்கக்காரருக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இப்போது தெரிகிறது.

திட்டமிடலில் எனக்குக் குறை இல்லை. ஒரு மாத்திரை நாளைக்கு 6 அட்டை போகிறது, ஆர்டர் வந்து சேர 5 நாள், கையிருப்புக் காப்புக்கு 12 என்றால், 42 அட்டைக்கு இறங்கியதும் ஆர்டர் போய்விடும். எக்ஸ்பைரி முதலில் வருவதுதான் அலமாரியில் முன்னால் நிற்கும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து ரெஜிஸ்டரோடு ஒத்துப்போனால், கட்டுப்படுத்தல் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

முதலில் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். அப்புறம் உட்கார்ந்து விசாரித்தால், அந்தத் தாளில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் எழுதுவார். அது யாருடைய வேலை என்று நான் சொல்லவே இல்லை. 1 டிகிரி காட்டினால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. சோதிக்கத் தாள் மாட்டியவள் நான்தான். ஆள் குறிக்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. தாளை ஒருநாளும் எடுத்துப் பார்க்கவும் இல்லை. ஐந்தில் ஒன்றை விட்டால் மற்றதும் சேர்ந்து சரிகிறதடி.

இப்போது ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பெயர், ஒரு கையெழுத்து. இரவில் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது என்று காட்டும் வெப்பமானி வாங்கியாகிவிட்டது. பின்சுவரை ஒட்டி எதுவும் வைப்பதில்லை. தப்பு நடக்க இருந்து தப்பித்ததை எழுத ஒரு நோட்டும் போட்டேன். எழுதுகிறவரைத் திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே வாரம் ஒருமுறை போட வேண்டிய, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்தான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைக்கு "தினமும்" என்று லேபிள் எழுதியதை, கவுண்டரில் இருந்த இரண்டாவது ஆள் பிடித்துவிட்டாள். திட்டுக்குப் பயந்திருந்தால் அது என் காதுக்கே வந்திருக்காது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அடுத்த மாதம் நீ கடை திறக்கிறாய். அலமாரி நிறம், பில் போடும் மென்பொருள் என்று இரண்டு கடிதத்திலும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உனக்கு நிறம்தான் முக்கியம், கல்லூரியிலும் அப்படித்தான்! ஆனால் யார் சரக்கைச் சரிபார்த்து வாங்குவார், யார் எக்ஸ்பைரி பார்ப்பார், பூட்டில் இருக்கும் மருந்துகளின் சாவி யாரிடம், நீ இல்லாத நாளில் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுதி அனுப்பு. வேலைக்கு எடுக்கிறவர்களின் பெயரையும் பக்கத்தில் போடு. நான் சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன், தாடி சார் மாதிரியே.

ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டாயா? வாங்கியிருந்தால் மருந்து அடுக்குவதற்கு முன் காலியாக இரண்டு நாள் ஓடவிட்டு அளந்து பார்.

அன்புடன்,
சுமதி