2001-02க்கு நேரே இரண்டு பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இத்தாலியக் கால்பந்து பற்றி வந்த சிறப்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ராபர்ட்டோ பாஜியோவைப் பற்றிய பகுதி மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கட்டுரைக்குப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த பட்டியலில், இத்தாலியின் முதல் நிலை லீக்கான சீரி ஏ தொடரில் ஆண்டுதோறும் அதிக கோல் அடித்தவர்கள் வரிசையில், 2001-02க்கு நேரே டேவிட் ட்ரெசெகே பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஆண்டு அந்த இடத்தில் இருவர் நின்றார்கள். இருவருக்கும் 24 கோல். விடுபட்டவர் டாரியோ ஹூப்னர்.

அச்சுப் பிழைதானே என்று விட்டிருப்பேன். ஆனால் அதே கட்டுரையில், 25 வயதுக்குள் சீரி ஏவுக்கு வந்து சேராத ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்வரிசை வீரர்) அதற்கப்புறம் வருவதில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி தவறு என்பதற்கு ஹூப்னரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சாட்சியின் பெயரே பட்டியலில் இல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹூப்னர் 1967 ஏப்ரல் 28 அன்று பிறந்தவர். ஊர், ட்ரியெஸ்தேவுக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் முஜ்ஜா. பெரிய கிளப்களின் பயிற்சிப் பள்ளி எதிலும் வளர்ந்தவர் அல்ல. அலுமினிய ஜன்னல் சட்டம் பொருத்தும் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர் அணியில் ஆடினார். இருபது வயதுக்கு அப்புறம்தான் பந்தாட்டம் அவருக்குச் சோறு போடத் தொடங்கியது. முதலில் பியெவிஜினா, பிறகு நான்காம் நிலையான சி2வில் பெர்கோக்ரேமா, அடுத்து ஃபானோ. இத்தாலிக்கு வெளியே இந்த அணிகளின் பெயர் தெரிந்தவர்கள் சிலர்தான். ஃபானோ மூன்றாம் நிலையான சி1க்கு ஏறியபின், 1991-92இல் அங்கே தன் பிரிவில் அதிக கோல் அடித்தவர் ஹூப்னர். அப்போது அவருக்கு 25. தங்கள் கட்டுரையின் கணக்குப்படி அத்தோடு அவர் கதை முடிந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து சீரி ஏவில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தம் 18 அணிகள். உலகத்தில் பணம் மிகுந்த தொடர் அதுதான். படிஸ்டுடா, வேயா என்று வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து இறங்கினார்கள். கீழே சீரி பி. அதற்கும் கீழே இரண்டு பிரிவுகளாக சி1, மூன்று பிரிவுகளாக சி2. சி1இல் கோல் அடிக்கும் ஒருவனை மேலே இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். ஹூப்னருக்கு ஓடியது ஐந்து வருடம். 1992 முதல் 1997 வரை சீரி பியில் செசெனா அணிக்கு ஆடினார். 1995-96இல் 22 கோல் அடித்து அந்தத் தொடரிலும் முதலிடம் பிடித்தார். அப்போதும் மேலே இருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் செசெனா சி1க்கு இறங்கியது. முப்பது வயது, கீழே இறங்கிய அணி. அந்த நிலையில் புதிதாக சீரி ஏவுக்கு ஏறியிருந்த ப்ரேஷா அணி அவரை எடுத்துக்கொண்டது.

1997 ஆகஸ்ட் 31. மிலான் நகரத்து சான் சிரோ அரங்கம், இண்டர் அணிக்கும் ப்ரேஷாவுக்கும் ஆட்டம். அன்றைக்கு அங்கே வந்தவர்கள் ரொனால்டோவைப் பார்க்க வந்தவர்கள். பார்சலோனாவிலிருந்து இண்டர் வாங்கி வந்த பிரேசில்காரருக்கு இத்தாலியில் அது முதல் லீக் ஆட்டம். முதல் கோலை அடித்தது ஹூப்னர். ஆட்டத்தில் முக்கால்வாசி கடந்திருந்தது. சீரி ஏவில் அவருக்கும் அது முதல் ஆட்டம், முப்பது வயதில். அப்புறம் இண்டருக்கு மாற்று வீரராக வந்த அல்வாரோ ரெக்கோபா தொலைவிலிருந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை 2-1 என்று புரட்டிவிட்டார். அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் ரொனால்டோவின் அறிமுகம் என்றோ, ரெக்கோபாவின் இடது கால் என்றோ எழுதுகிறார்கள். சரி, அதில் குற்றம் இல்லை. எனக்கு மட்டும் அந்த முதல் கோல்தான் நிற்கிறது. இந்த ஒரு ஆட்டத்தோடு ஹூப்னர் ஓய்ந்துவிடவில்லை என்பதால் நிற்கிறது. அந்த சீசனில் 16 கோல் அடித்தார். ப்ரேஷா கீழே இறங்கியது. அவரும் கூடவே இறங்கி, மறுபடி மேலே கொண்டுவர உதவினார். 2000-01இல் கார்லோ மாட்சோனே பயிற்சியாளர், பக்கத்தில் பாஜியோ. அந்த ஆண்டு ஹூப்னருக்கு 17 கோல்.

ப்ரேஷா காலத்து பாஜியோவைத் தங்கள் கட்டுரை அழகாகச் சொல்லியிருந்தது. அந்த முதல் வருடம் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

2001இல் ஹூப்னர் பியாச்சென்சாவுக்குப் போனார். சீரி ஏவில் நீடித்தாலே போதும் என்று ஆடுகிற அணி அது. அங்கேதான் அந்த 24 கோல். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளின் வரிசையைத் தங்கள் பட்டியலிலேயே பாருங்கள்: பியர்ஹாஃப், அமோரோசோ, ஷெவ்செங்கோ, கிரெஸ்போ. நான்கு பேரும் வெளிநாட்டவர்கள். அதிக கோல் அடிப்பவரை இத்தாலியர்கள் கப்போகன்னோனியேரே என்பார்கள், பீரங்கிக்காரர்களின் தலைவன் என்று பொருள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பட்டம் ஒரு இத்தாலியருக்கு வந்தபோது, அவர் ஜன்னல் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தவர், சீசன் முடிகிற வாரத்தில் 35 வயதைத் தொட்டவர். பட்டத்தைப் பங்கிட்ட ட்ரெசெகே ஆடியது அந்த ஆண்டு சாம்பியனான யுவெண்டஸில். ஹூப்னரின் பியாச்சென்சா கடைசி நாளில் வெரோனாவை 3-0 என்று வென்று தப்பித்தது. இரண்டு பேரின் 24ம் ஒன்றுதான் என்று எண்கள் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாம்பியன் அணியில் ஒரு வாய்ப்பு போனால் அடுத்தது வரும். கீழே தவிக்கிற அணியில் அந்த ஒன்றுதான் வரும்.

ஹூப்னரைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வருவது சிகரெட்டும் கிராப்பா மதுவும். அவர் புகைத்தார், அதை அவரே மறைத்ததில்லை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது என்பதுபோல் கதை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டெருமை என்று பொருள்படும் டட்டாங்கா என்ற பட்டப்பெயரும் அதே பக்கம் இழுக்கிறது, முட்டி மோதி ஓடுகிற முரடன் என்று. அவர் அடித்த கோல்களைப் போட்டுப் பாருங்கள். தடுப்பவருக்குப் பின்னால் எப்போது நழுவ வேண்டும், பந்து வருமுன் எந்தப் பக்கம் உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும், கீப்பர் எந்தக் காலில் நிற்கிறார், இவை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டையைப் பிடித்து இழுக்கிற தடுப்பாளர்களுக்கு நடுவே, நல்ல பந்து எப்போதாவது வரும் அணிகளில், பத்து வருடம் ஆடிக் கற்ற பாடம் அது. நானும் ஷிப்டு முடித்துவிட்டு மாலையில் பந்தாடப் போனவன்தான். எட்டு மணி நேரம் நின்ற காலோடு ஓடுவது என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த மனிதரின் உழைப்பை வேடிக்கைக் கதையாக்குவது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

தேசிய அணிக்கு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2002 உலகக் கோப்பைக்கு அப்போதைய பயிற்சியாளர் டிரபட்டோனி தேர்ந்தெடுத்த முன்வரிசை வீரர்கள் வியெரி, இன்சாகி, டெல் பியெரோ, டோட்டி, மொன்டெல்லா, டெல்வெக்கியோ. இதைப் பெரிய அநீதி என்று நான் சொல்லமாட்டேன், அந்தப் பெயர்களின் கனம் அப்படி. அந்தக் கோடையில் ஏ.சி. மிலான் அவரை அமெரிக்கப் பயணத்துக்கு அழைத்துப்போய் நட்பு ஆட்டங்களில் ஆடவிட்டது, ஆனால் ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த சீசனில் பியாச்சென்சாவுக்கு 14 கோல் அடித்தார், அணி கீழே இறங்கிவிட்டது. அதன்பிறகு அங்கோனா, பெருஜியா, மான்டோவா. தொழில்முறை ஆட்டம் முடிந்த பின்னும் நாற்பதைத் தாண்டி சின்ன ஊர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார்.

சி1, சீரி பி, சீரி ஏ மூன்றிலும் முதலிடம் பிடித்தவர்கள் இத்தாலிய வரலாற்றிலேயே இரண்டு பேர்தான். இன்னொருவர் இகோர் ப்ரோட்டி. வேடிக்கை என்னவென்றால், 1995-96இல் ஹூப்னர் சீரி பியில் முதலிடம் பிடித்த அதே ஆண்டு ப்ரோட்டி சீரி ஏவில் 24 கோலோடு சிக்னோரியுடன் முதலிடத்தைப் பங்கிட்டார். அவருடைய பாரி அணியோ அந்த ஆண்டே கீழே இறங்கியது. ஹூப்னர் ஏணியில் ஏறினார் என்றால், ப்ரோட்டி மேலிருந்து இறங்கி வந்து மறுபடி ஏறியவர். லாசியோ, நேபோலி என்று பெரிய பெயர்களைப் பார்த்துவிட்டு, இளவயதில் ஆடிய லிவோர்னோவுக்கு 1999இல் திரும்பினார். சி1இல் முதலிடம், 2002-03இல் 23 கோலோடு சீரி பியில் முதலிடம். 2004இல் லிவோர்னோ 55 ஆண்டுகளுக்குப் பிறகு சீரி ஏவைத் தொட்டது. 37 வயதில், அந்த மேல் தட்டில் ஒரு சீசன் ஆடிவிட்டு 2005இல் நிறுத்திக்கொண்டார்.

வயது கூடியபின் உச்சம் தொட்டவர்களில் மூன்றாவதாக லூக்கா டோனி. 2001இல் ஹூப்னர் ப்ரேஷாவிலிருந்து கிளம்பிய கோடையில் அங்கே வந்து சேர்ந்தவர். 26 வயதில் சீரி ஏவை விட்டு சீரி பியிலிருந்த பலெர்மோவுக்குப் போனார். கீழே போகிறானே என்று பேசியிருப்பார்கள். அங்கே 30 கோல், அடுத்த வருடம் சீரி ஏவில் 20, ஃபியோரென்டினாவில் 2005-06இல் 31. ஐரோப்பிய லீக்குகளில் கோல் அடிப்பதில் முதலிடம் பெறுபவருக்குத் தரும் தங்கக் காலணியைப் பெற்ற முதல் இத்தாலியர். அதே 2006இல் உலகக் கோப்பையும் கையில். பிறகு 2014-15இல் வெரோனாவுக்காக 22 கோல் அடித்து, மௌரோ இக்கார்டியோடு முதலிடத்தைப் பங்கிட்டபோது அவருக்கு 38 வயது. அதிக வயதில் அந்தப் பட்டம் பெற்றவர் என்று பதிமூன்று வருடமாக ஹூப்னர் பெயரில் இருந்த சாதனை அன்றுதான் கைமாறியது.

ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டு. 25 வயதைப் பற்றிய அந்த வரியை எழுதியவர் ஒருமுறை திரும்பப் பார்க்கட்டும். அடுத்த இதழில், எவ்வளவு சின்ன எழுத்திலானாலும் சரி, ஒரு திருத்தம் வெளியிடுங்கள்: 2001-02, டேவிட் ட்ரெசெகே, யுவெண்டஸ், 24, டாரியோ ஹூப்னர், பியாச்சென்சா, 24.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகன்