வணிக ரகசியம் என்று ஒரு வரி

தருமபுரி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும், தனியார் பால் சோதனை விவரம் கேட்டு நீ போட்ட தகவல் உரிமை மனுவுக்கு வந்த மறுப்புக் கடித நகலும் வந்தன. "கோரும் தகவல் மூன்றாம் நபரின் வணிக ரகசியம் சார்ந்தது, வழங்க இயலாது." ஒரே வரி. மறுப்புக்கு என்ன காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு, யாரிடம் என்ற மூன்றையும் மறுப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்கிறது தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 7(8) பிரிவு. ஒரு வரிக் காரணம் தவிர மற்ற இரண்டும் இல்லை. அதனால் முதல் மேல்முறையீட்டில் உனக்குப் பிடி இருக்கிறது. 30 நாள் கணக்கு, கடிதம் உன் கைக்கு வந்த தேதியிலிருந்து ஓடுகிறது. உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே, தபால் முத்திரைத் தேதி வேண்டும்.

ஆனால் உன் மனுவும் சரியில்லை. "கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விற்கும் எல்லாத் தனியார் பாலின் பரிசோதனை விவரம் முழுவதும்" என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒரு கோப்பு எந்த அலுவலகத்திலும் கிடையாது. பால் சோதனை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது நாலைந்து வேறு வேறு காகிதங்கள். காலையில் பால் வாங்கும் சென்டரில் டெஸ்டர் எழுதும் நோட்டு ஒன்று: பால் ஊற்றுகிறவர் பெயர், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), டிகிரி (லாக்டோமீட்டர் காட்டும் அடர்த்தி). டேங்கர் பிளாண்டுக்குள் வந்ததும் லேப்பில் எழுதுவது இன்னொன்று: காய்ச்சினால் திரிகிறதா, சோடா கலந்திருக்கிறதா, ஆன்டிபயாட்டிக் ஸ்டிரிப் என்ன காட்டியது, டேங்கரை இறக்கினார்களா திருப்பி அனுப்பினார்களா. பாக்கெட் போட்ட பிறகு தொகுதி (பேட்ச்) வாரியாக வருவது மூன்றாவது. பாஸ்பேட்டேஸ் சோதனை அதில்தான் இருக்கும், பால் முறையாகப் பாஸ்டரைஸ் ஆனதா என்று அது சொல்லும். உரிம நிபந்தனைப்படி 6 மாதத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டிய சோதனையின் அறிக்கை நாலாவது. கடைசியாக, உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் எடுத்து அனுப்பும் அரசு சாம்பிள். நம் பக்கத்துச் சாம்பிள் சேலம் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும்.

இந்த ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்டால், அதில் இருக்கும் ஒரு நிஜமான ரகசியத்தைக் காட்டி மொத்த மூட்டையையும் கதவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உனக்கு நடந்தது அதுதான்.

நிஜமான ரகசியம் எது என்று நீயே முதலில் ஒப்புக்கொள். முதல் நோட்டு. எந்த ஊர் சென்டரில் எத்தனை லிட்டர், என்ன ஃபேட், எந்த ரூட்டில் எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) நிற்கிறது என்ற கணக்கு போட்டிக் கம்பெனி கையில் கிடைத்தால், காரிமங்கலம் பக்கமோ பர்கூர் பக்கமோ நல்ல பால் வரும் ஊராகப் பார்த்து, லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டி வைத்து எதிர்த்திண்ணையில் கேனைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கொள்முதல் வரைபடம் கம்பெனிக்குச் சொத்து. ஏஜென்டுக்குக் கொடுக்கும் கமிஷன், பவுடர் எவ்வளவு சேர்த்து எஸ்என்எஃப் ஏற்றுகிறார்கள் என்ற கணக்கு, தயிருக்கு உறை எங்கே வாங்குகிறார்கள் என்பதும் அதே வகை. 8(1)(டி) பிரிவு பேசுவது போட்டி நிலைக்கு வரும் பாதிப்பைப் பற்றி. இவற்றுக்கு அது பொருந்தும். நோட்டில் விவசாயி பெயரும் இருக்கிறது, அதுவும் உனக்கு வேண்டாம்.

புது மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடு: கொள்முதல் இடம், அளவு, விலை, விவசாயி பெயர், தயாரிப்புக் கலவை எதுவும் எனக்கு வேண்டாம், அவை ஒரே பக்கத்தில் இருந்தால் 10வது பிரிவின்படி அந்த வரிகளை மறைத்துவிட்டு மீதியைத் தரவும். விட்டுக்கொடுத்த மாதிரி தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் கையில் மிச்சம் இருப்பது தேதி, தொகுதி எண், எந்தச் சோதனை, எந்த முறை, என்ன முடிவு, வரம்பு என்ன, அதன்மேல் என்ன நடவடிக்கை என்பவை மட்டும். பாலில் அப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு எந்தப் போட்டிக்காரன் என்ன தொழில் நடத்துவான்?

ஐந்தில் முதலில் அரசு சாம்பிளைக் கேள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் அந்தப் பாலைக் காசு கொடுத்து வாங்குகிறார், அரசு லேப் சோதிக்கிறது, அறிக்கையை அரசு அலுவலர் எழுதுகிறார். 11வது பிரிவு, மூன்றாம் நபர் ரகசியமாக வைத்திருந்த தகவலுக்குத்தான். கடையில் தொங்கிய பாக்கெட்டைச் சோதித்து வந்த முடிவைக் கம்பெனி எங்கே ரகசியமாக வைத்திருந்தது? இதே வாதம் வேறு உருவத்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வங்கிகளைப் பற்றிய ஆய்வு அறிக்கைகளை நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கிறோம், தர முடியாது என்று ரிசர்வ் வங்கி சொன்னதை 2015 டிசம்பரில் நிராகரித்தது. கண்காணிக்கும் அமைப்பு கண்காணிக்கப்படுகிறவருக்குக் கடமைப்பட்டதில்லை, பொதுமக்களுக்குத்தான் கடமைப்பட்டது என்பது அதன் சாரம். மேல்முறையீட்டில் இதை எழுது.

கேட்கும்போது காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேள். பகுப்பாய்வாளர் அறிக்கை என்றால் படிவம் 7ஏ. சாம்பிள் எடுத்தபோது கடைக்காரருக்குக் கொடுத்த அறிவிப்பு படிவம் 5ஏ, லேபுக்கு அனுப்பிய குறிப்பாணை படிவம் 6. "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பால் என்ற உணவு வகையில் எடுத்த மாதிரிகளின் 5ஏ, 6, 7ஏ நகல்கள்" என்று எழுதினால், இல்லை என்று சொல்வதற்கு அவர் யோசிக்க வேண்டும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று மட்டும் கேட்காதே, ஏன் என்பது சட்டப்படி தகவல் ஆகாது. "அறிக்கை பெற்றபின் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புப் பக்கங்கள்" என்று கேள். பதில் அதற்குள் இருக்கும்.

மூன்று படிவத்தையும் சேர்த்துக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் சாம்பிள் கெட்டுப்போவது லேப்பில் குறைவு, வழியில்தான் அதிகம். லேபுக்குப் போக வேண்டியது 500 மில்லி. கெடாமல் இருக்க 25 மில்லிக்கு 2 சொட்டு பார்மலின், அதாவது அரை லிட்டருக்கு 40 சொட்டு, சுமார் 2 மில்லி விட வேண்டும். விட மறந்தால் நம் சித்திரை வெயிலுக்குச் சேலம் போய்ச் சேருமுன் திரிந்துவிடும். அதிகம் விட்டால் பாலில் உள்ள கேசின் புரதம் இறுகி, ஃபேட் பார்க்கும் கெர்பர் சோதனையில் ஆசிட்டில் சரியாகக் கரையாது, ஃபேட் அளவு தப்பும். கேனில் எடுப்பதாக இருந்தால் நன்றாகக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். நின்ற பாலில் மேலே ஆடை, அடியில் மெலிவு, எங்கே முகக்கிறோமோ அந்த ஃபேட்தான் வரும். பார்மலின் விட்ட சாம்பிளில் கிருமி எண்ணிக்கை பார்க்கவே முடியாது, அதற்குத் தனியாகச் சுத்தப் பாட்டிலில் ஐஸில் வைத்து அனுப்பியிருக்க வேண்டும். ஆகவே 7ஏவில் கிருமி பற்றி ஒன்றும் இல்லை என்றால் கிருமி இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே, பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

கம்பெனியின் சொந்த லேப் அறிக்கை அடுத்த கட்டம். தனியார் ஆவணம் என்று கை கழுவுவார்கள். 2(எஃப்) பிரிவைக் காட்டு: வேறு ஒரு சட்டத்தின்படி அரசு அலுவலர் கேட்டுப் பெறக்கூடிய தனியார் தகவலும் தகவல்தான். உரிம நிபந்தனைச் சோதனை அறிக்கையை உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்டு வாங்கலாம், அதனால் அவர் மூலமாக நீயும் கேட்கலாம். நம் ஊர்ப் பால் சொசைட்டிக்கும் இதே வழி. கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே அது இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செகரட்டரியிடம் மனு கொடுத்துச் சண்டை போடாதே, துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்தில் கொடு. பதிவாளர் சட்டப்படி சங்கத்திடம் வாங்கக்கூடியது உனக்கும் கிடைக்கும்.

நாள் கணக்கு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு. மூன்றாம் நபர் சம்பந்தம் என்றால் 5 நாளுக்குள் கம்பெனிக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவர்கள் பதில் சொல்ல 10 நாள், மொத்தம் 40 நாளுக்குள் முடிவு. உன் விஷயத்தில் நோட்டீஸே போன மாதிரி தெரியவில்லை. "கம்பெனிக்கு அனுப்பிய 11(1) அறிவிப்பின் நகலும் அவர்கள் பதிலும்" என்று ஒரு வரி சேர்த்துக் கேள். நோட்டீஸ் அனுப்பாமலே ரகசியம் என்று எழுதியிருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். கம்பெனி மறுத்தாலும் அது வெறும் ஆட்சேபணைதான், முடிவு அலுவலருடையது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்று 8(1)(டி)யிலேயே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16வது பிரிவும் ஆணையம் ரகசியம் காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மக்கள் உடல்நலத்துக்காக வெளியிட வேண்டியதை விலக்கி வைக்கிறது. விசாரணை நடக்கிறது என்று 8(1)(எச்) காட்டினால், கொடுப்பதால் விசாரணை எப்படித் தடைபடும் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும், ஏனென்றால் 19(5)ன்படி நிரூபிக்கும் பொறுப்பு மறுக்கிறவர் தலையில்.

இதெல்லாம் கிடைத்த பிறகு இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமல் விடக்கூடாது. நகல் கைக்கு வந்ததும் "எங்கள் ஊர்ப் பால் விஷம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதே. தரம் குறைந்தது வேறு, பாதுகாப்பற்றது வேறு. பசும்பாலுக்கு ஃபேட் 3.2 சதவீதம், எஸ்என்எஃப் 8.3 சதவீதம் இருக்க வேண்டும். கோடையில் பசுந்தீவனம் இல்லாத கலப்பின மாடு எஸ்என்எஃப் 8.1 கறக்கும், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருக்காது. அந்தப் பால் காகிதத்தில் தரம் குறைந்ததுதான், ஆனால் யாரையும் ஒன்றும் செய்யாது. சைக்கிளில் கேன் கட்டி ஊற்றும் பால்காரர் பெயர் அந்தப் பட்டியலில் முதலில் வரும், அவர் பிழைப்புதான் முதலில் போகும்.

2018 தேசியப் பால் கணக்கெடுப்பை இந்தக் கண்ணோடு படித்துப் பார். 6,432 மாதிரி. எல்லோரும் பயப்படுகிற யூரியா, டிடர்ஜென்ட் வகைக் கலப்படம் 12ல் மட்டும். அப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியது 368ல். தமிழ்நாட்டில் எடுத்த 551ல் 88. வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அது யாரும் கலப்பதில்லை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டையிலிருந்து மாட்டின் வழியாகப் பாலுக்கு வருகிறது. காய்ச்சினாலும் போகாது. தீவனத்தை மாற்றினால் சில நாளிலேயே பாலில் இறங்கிவிடும். மழையில் நனைந்த மூட்டையை அரைத்து வைக்கும் நம் பகுதியில் இந்த ஒரு எண்ணை ஊர் ஊராகத் தெரிந்துகொண்டால் சரிசெய்துவிடலாம். ஆனால் அது கணக்கெடுப்பில் மாநில எண்ணிக்கையாக மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் உன் மனுவில் அப்ளாடாக்சின், ஆன்டிபயாட்டிக் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்கிறேன். முடிவோடு சோதனை முறையையும் கேள். ஸ்டிரிப்பில் பாசிட்டிவ் என்பது சந்தேகம், கருவியில் உறுதிசெய்த எண்தான் முடிவு.

2017ல் நடந்தது ஞாபகம் இருக்கும். தனியார் பாலில் ரசாயனம் என்று பால்வளத் துறை அமைச்சர் பேசினார், மூன்று கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றம் போயின, ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. அதில் பால் குடிக்கிறவனுக்கு என்ன மிஞ்சியது? அறிக்கைகள் முறையோடு, தேதியோடு வெளியே கிடந்திருந்தால் அவர் அப்படிப் பேசவும் தேவையில்லை, கம்பெனிகள் வழக்குப் போடவும் தேவையில்லை. நல்ல பால் விற்கிற கம்பெனிக்கு இந்த ரகசியத்தால் நஷ்டம்தான் என்பது என் எண்ணம், அதை அவர்கள் வக்கீல்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மனு இழுத்தால் காத்திருக்காதே. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40வது பிரிவில் வாங்குகிறவனே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் எடுத்துப் போனால் அந்தப் பிரிவுப்படி நிற்காது. குறை என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த அறிக்கை உன்னுடையது, அதற்கு யாரும் ரகசியம் சொல்ல முடியாது.

மேல்முறையீட்டு வரைவை அனுப்பு, திருத்தித் தருகிறேன். 7ஏ நகல் வந்ததும் முதலில் முடிவைப் பார்க்காதே. சாம்பிள் எடுத்த தேதி, லேபுக்கு வந்த தேதி, அறிக்கை தேதி மூன்றையும் பக்கத்தில் எழுதிப் பார். லேபுக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் அறிக்கை வந்திருக்க வேண்டும். தாண்டியிருந்தால் அதையும் ஒரு வரி எழுதி எனக்குப் போடு.

அம்மா முழங்கால் வலி தேவலையா? கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பழனி