ஏர்கன் சண்டை இரண்டு வீட்டுப் பிரச்சினை அல்ல: நம் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவை மருதமலை அடிவாரத்தை ஒட்டிய நம் மனைப்பிரிவில், இரண்டு வீடுகளுக்கு நடுவே சில மாதங்களாக ஓடும் சண்டை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாடியில் வந்து உட்கார்ந்த குரங்கை விரட்ட ஒரு வீட்டில் ஏர்கன் (காற்றழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் துப்பாக்கி) எடுத்துச் சுட்டார்கள். குண்டு குரங்கைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுச் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயை உடைத்தது. அந்த வீட்டு அம்மா அப்போது அதே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காவல் நிலையம் வரை போய், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி, "பேசித் தீர்த்துக்குங்க" என்ற அறிவுரையோடு இரு தரப்பும் திரும்பி வந்தார்கள். பேச்சு நின்றதுதான் மிச்சம்.

அதன்பிறகு சங்கத்தின் சார்பில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது: "இது இரண்டு குடும்பங்களின் தனிப்பட்ட விவகாரம், சங்கம் தலையிடாது." அந்த வரியை நான் ஏற்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். கொய்யா மரமும் குரங்கும் மயிலும் உள்ள எல்லா மனைப்பிரிவுகளிலும் இன்றோ நாளையோ வரக்கூடிய விவகாரம் என்பதால், மூடிய உறையில் தராமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில், சுட்டவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் அல்ல. ஓய்வுபெற்ற பிறகு ஆசை ஆசையாய் வைத்த தென்னையில் இளநீர்க் குரும்பையைக்கூடக் குரங்குகள் விட்டுவைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே இறங்கிக் குளிக்கின்றன; அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் புழங்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை சமையலறைக்குள் புகுந்து, அவர் மனைவியைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சீறியதில் அந்த அம்மா இன்னும் பின்கதவைத் திறக்க அஞ்சுகிறார். இதையெல்லாம் அவர் சங்கத்தில் பலமுறை சொன்னார். "காட்டுக்குப் பக்கத்துல இடம் வாங்கினா குரங்கு வரத்தானே செய்யும்" என்று சொல்லி அனுப்பினோம். தனியாக விடப்பட்டவர் தனக்குத் தெரிந்த வழியைத் தேடிக்கொண்டார். அவர் கையில் துப்பாக்கி வந்ததில் நம் அலட்சியத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் அவர் தேர்ந்தெடுத்த வழி மிகவும் ஆபத்தானது. அதை மென்று விழுங்காமல் சொல்லியாக வேண்டும்.

"லைசென்ஸ் தேவையில்லாத துப்பாக்கிதானே, என் வீட்டு எல்லைக்குள்ள நான் சுடுறேன்" என்ற வாதத்தை நம் தெருவில் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது உண்மை. அந்த விலக்கு வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும்தான். எதை வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 10 ஜூல். உரிம வரம்பில் பாதி. அந்தப் பாதியே தோலைத் துளைக்கும், கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும். நம் மனைகளோ முப்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு அறுபது அடி. குறி தப்பிய குண்டு நின்று இறங்குவதற்கு இங்கே இடமே இல்லை. கான்கிரீட் சுவரில் பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவருக்கும் தெரியாது.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அந்தக் குழந்தை இறந்துபோனான். அது பயிற்சி பெற்ற படையினர், அதற்கென ஒதுக்கிய இடத்தில் சுட்ட ரைஃபிள். ஏர்கன்னுக்கு அந்த வீச்சு கிடையாது, உண்மைதான். ஆனால் அங்கே பயிற்சி இருந்தது, தளம் இருந்தது, மேற்பார்வை இருந்தது. நம் மாடியில் இந்த மூன்றில் ஒன்றுமில்லை. பக்கத்து மாடிக்கும் நமக்கும் இடையே உள்ள தூரமோ பத்தடி.

மனிதர் மேல் படாவிட்டாலும் குற்றம் குற்றமே. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்துகொண்டால், யாருக்கும் காயம் ஏற்படாவிட்டாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அப்புறம், குரங்கு. நம் தெருவில் திரியும் நாட்டுக் குரங்கு, 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மயிலும் அதே அட்டவணைதான். இவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே ரூ.25,000-க்குக் குறையாத அபராதம். வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் அடங்கும். "சும்மா பயமுறுத்தத்தான் சுட்டேன், படவே இல்லை" என்பது நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். இதை அவரை மிரட்டுவதற்காக எழுதவில்லை. நாற்பது வருடம் நேர்மையாக வேலை பார்த்த ஒரு மனிதர் ஒரு தென்னை மரத்துக்காகச் சிறைக்குப் போகும் நிலை வந்துவிடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன்.

முன்பு காகம், எலி, பழந்தின்னி வவ்வால் போன்றவற்றை "தீங்குயிர்கள்" என்று ஐந்தாம் அட்டவணையில் தனியாக வைத்திருந்தார்கள். அந்த அட்டவணையே இப்போது நீக்கப்பட்டுவிட்டது. "காக்காவையும் வவ்வாலையும் சுடலாம், அதுக்குச் சட்டம் இல்லை" என்று நம் குழுவில் ஒருவர் எழுதியது அந்தப் பழைய நினைப்பில் வந்ததுதான். விவசாயத்தை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில்கூட, 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு என்ன? காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர், விவசாயி அல்ல. பயிரைப் பறிகொடுத்தவன் கையிலேயே துப்பாக்கியைத் தராத அரசு, மாடித்தோட்டக் கத்தரிக்காய்க்காக நமக்குத் தரப்போவதில்லை.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. இரவில் குரைக்கும் தெருநாய்களையும் "ரெண்டு தட்டு தட்டினா அடங்கிடும்" என்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒரு விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ 5 ஆண்டு வரை சிறை என்கிறது அதே சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு. நாய்த் தொல்லைக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும்தான் வழி; அது மாநகராட்சியின் பொறுப்பு. தனித்தனியாகப் போன் செய்வதை விட்டுச் சங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

இனி, புகார் கொடுத்த தரப்போடு நிற்கும் என் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் நம்மில் சிலர் காலையில் மாடிச் சுவரில் வாழைப்பழமும் பன்னும் வைத்துக் குரங்குகளைக் கூப்பிடுகிறோம். புண்ணியம் என்று நினைத்துச் செய்வதன் பலன் பக்கத்து வீட்டுச் சமையலறையில் இறங்குகிறது. கையால் உணவு வாங்கிப் பழகிய குரங்கு, எல்லாக் கையிலும் உணவை எதிர்பார்க்கும். தராத கையைத்தான் கடிக்கும். புறாக்களுக்கு மாடியில் கம்பு இறைப்பதும் அப்படித்தான். சுடுவதை நிறுத்தச் சொல்லும் அதே மூச்சில் தீனி வைப்பதையும் நிறுத்தச் சொல்லாவிட்டால், சங்கம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றுதான் சுட்டவர் நினைப்பார். அந்த நினைப்பில் தவறும் இருக்காது.

சங்கம் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது, பெரும்பாலும் அதிகச் செலவில்லாதது. தெரு முனையில் வாய் திறந்து கிடக்கும் குப்பைத் தொட்டிதான் குரங்குக் கூட்டத்தின் முதல் நிறுத்தம். அதற்கு அழுத்தமான மூடி போட வேண்டும், உணவுக் கழிவை முந்தின இரவே வெளியே வைக்கும் பழக்கம் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி மூடிகளைக் கம்பி வைத்துக் கட்டுவது ஓர் ஆள், ஒரு நாள் வேலை. சமையலறை சன்னல்களுக்கு இரும்பு வலை அடிக்க வீடு வீடாக விலை கேட்பதைவிட, சங்கம் மொத்தமாகப் பேசினால் விலை குறையும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குச் சந்தாப் பணத்திலிருந்தே அடித்துக் கொடுக்கலாம். கூரையைத் தொடும் கிளைகளைக் கழிக்க வேண்டும். புறாவுக்கு வலை, எலிக்கும் பெருச்சாளிக்கும் பொறி. எலிமருந்து மட்டும் வேண்டாம். செத்த எலியைத் தின்னும் நாயும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகும், அதில் கூகை நமக்காக எலி பிடிக்கிற பறவை. ஆளைக் கடிக்க வரும் முரட்டுக் குரங்கு ஏதாவது இருந்தால், கூண்டு வைக்கும்படி வனத்துறையிடம் எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். நாமே பிடித்தாலும் அதுவும் வேட்டைக் கணக்கில்தான் வரும்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. போலீஸ் வந்து சொன்னதால் அல்ல. ஊராகக் கூடி எடுத்த முடிவு, தலைமுறையாகக் காக்கிறார்கள். ஒரு கிராமத்தால் முடிந்த கட்டுப்பாடு, படித்தவர்கள் நிறைந்த நம் நாலு தெருவால் முடியாதா?

நான் கேட்பது இதுதான். வரும் பொதுக்குழுவில் முதல் பொருளாக இதை எடுங்கள். மனைப்பிரிவுக்குள் ஏர்கன்னோ உண்டிவில்லோ கொண்டு எந்த உயிரையும் யாரும் சுடக் கூடாது, குரங்குக்கும் புறாவுக்கும் யாரும் தீனி வைக்கக் கூடாது என்ற இரண்டையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். வாடகைக்கு வருபவர்களிடமும் அதில் கையெழுத்து வாங்குங்கள். விலங்குத் தொல்லைக்கென்று மூன்று பேர் கொண்ட ஒரு குழு வையுங்கள். அதில் சுட்டவரையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். குரங்கு எந்த நேரத்தில், எந்த வழியாக வருகிறது என்று நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதற்கு முன்னால், தலைவர் ஐயா, நீங்கள் நேரில் போய் இரு வீட்டாரையும் சங்க அறைக்குக் கூப்பிட வேண்டும். உடைந்த சோலார் குழாய்க்குச் சுட்டவர் பணம் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார், என்னிடமே சொன்னார். போய்க் கொடுக்கத்தான் தயக்கம். அந்த அம்மாவும் பணத்தைப் பெரிதாக எண்ணவில்லை. "இனி சுட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க" என்கிறார். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்க ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான்.

தீர்மானத்தின் வரைவையும், மாநகராட்சிக்கும் வனத்துறைக்கும் தர வேண்டிய கடிதங்களையும் நான் எழுதித் தருகிறேன். கூட்டத் தேதியை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வடக்குத் தெருவில் குடியிருக்கும் சங்க உறுப்பினர் ஒருவர்